உலகிலேயே வேகமான காலர் மெஷின்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறேன் என்று சொன்னால், திருப்பூரில் எதிரே நிற்பவர் முதலில் கேட்பது, "கிலோ என்ன ரேட்டுக்கு எடுக்கறீங்க?" என்பதுதான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் கட்டிங் வேஸ்ட் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், நூல் தீர்ந்த காலிக் கோன் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அட்டைப்பெட்டி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எதைச் சேர்த்தாலும் அது வேறெங்கோ போய் மறுபடி நூலாகவோ அட்டையாகவோ ஆகிவிடும். சேர்த்ததைத் துடைத்து, அலமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படுவது என்பது இங்கே நகைக்கும் பிள்ளைகளின் மார்க்குக்கும் மட்டுமே உள்ள மரியாதை.

எனக்குப் பெருமாநல்லூர் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று உடுப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து கொடுக்கும் வேலை. பேட்டர்ன் மேடம் என்பார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் கம்ப்யூட்டரா என்று என் அம்மா கேட்பார். அது வேறு, இது வேறு என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இது எண்பதுகளில் வீடுகளுக்கென்று செய்த கம்ப்யூட்டர். பார்ப்பதற்குத் தடிமனான ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மூளை அதற்குள்ளேயே இருக்கும். திரைக்கு வீட்டு டி.வி.யில் சொருக வேண்டும். புரோகிராமை டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் பனியன் ஆர்டர் பிடிக்க ஐரோப்பா போன முதலாளிகள் சிலர் பிள்ளைகளுக்கு ஆசையாக இதை வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் ஒரு மாதம் விளையாடினார்கள். பிறகு பெட்டி பரணுக்குப் போனது. திருப்பூரின் பழைய பங்களாக்களின் பரண்களில் வெளிநாட்டு சூட்கேசுகளுக்குப் பின்னால் இப்படி எத்தனையோ தூங்குகின்றன என்பது இந்தப் பைத்தியம் பிடித்த எங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

என்னுடைய முதல் கம்ப்யூட்டர் எங்கள் முதலாளி வீட்டுப் பரணிலிருந்து வந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று சாமான்களையெல்லாம் கம்பெனி குடோனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் இது கிடந்தது. கேட்டதும் முதலாளியம்மா, "எடுத்துக்க கண்ணு. என்ற பையன் சின்னதுல தட்டிட்டுக் கெடந்தது. ஆனா அதுக்கு கம்ப்யூட்டர் கெடையாது, வெறும் பட்டன்தான்" என்றார். அதுதான் கம்ப்யூட்டர் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மனது மாறிவிடுமோ என்று பயம்.

வீட்டில் டி.வி.யில் சொருகி சுவிட்சைப் போட்டேன். நீலத் திரையில் 'ரெடி' என்று ஒரு சொல் வந்து, கீழே ஒரு சின்னக் கட்டம் சிமிட்டிக்கொண்டே நின்றது. என் வீட்டுக்காரர் அயர்னிங், பேக்கிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.

"என்ன புள்ள பண்ணும் இது?"

"ரெடிங்குதுங்க."

"எதுக்கு ரெடி?"

"நாம என்ன சொன்னாலும் செய்யறதுக்கு."

"இருக்கட்டும். நம்ம ஊட்ல அப்படி ஒண்ணாச்சும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த சில வருடங்களில் அலமாரியின் மூன்று தட்டும் நிறைந்து, நான்காவது தட்டிலிருந்த அவருடைய வேட்டிகள் பெட்டிக்குள் போயின.

இந்தப் பழக்கத்துக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் பெட்டிகளைப் படம் பிடித்துப் போடுவார்கள், மற்றவர்கள் வயிறு எரிவார்கள். அதில் ஒருவர் போட்ட படத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சாயத்துணியின் மாதிரித் துண்டுகள் ஒட்டிய அட்டை தெரிந்தது. விசாரித்தால், வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்ப்பவர். உள்ளூரில் இன்னொரு பைத்தியம் இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் திருநீறு, கையில் லேப் கையுறை. காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். என் முதல் கம்ப்யூட்டரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சளாயிப் போச்சுங்களே."

பழைய பிளாஸ்டிக் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில், என் பெண்ணைப் பார்க்க வந்தவர் நிறம் கம்மி என்று சொன்னது போலிருந்தது.

"இதோட ஒரிஜினல் ஷேடு இதில்லீங்க. எங்கிட்ட குடுங்க. பெராக்சைடுல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்தர்றேன்."

பிளாஸ்டிக்கின் மஞ்சளைப் போக்க உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் தடவுகிறார்கள். மருந்துக் கடையில் சின்னச் சின்ன பாட்டிலாக வாங்கி அதைப் பெரிய தவம் மாதிரிச் செய்வார்கள். இவரோ துணி வெளுக்கும் பெராக்சைடைக் கேன் கேனாக வைத்திருக்கும் ஊர்க்காரர். கழற்றி மேல்மூடியை மட்டும் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அது பிறந்த அன்றைக்குக்கூட அவ்வளவு வெள்ளையாக இருந்திருக்காது. ஏற்றுமதிக்குப் போகும் பனியன் போலப் பளபளவென்றிருந்தது. ஆனால் நடுவில் மட்டும் சலவைக்கல்லில் ஓடுவது போல இரண்டு மூன்று கோடுகள்.

"இதென்னுங்க கோடு?"

"அதுங்களா... சித்த அன்ஈவன் ஆயிருச்சு. ரீபிராசஸ் பண்ணிக்கலாமுங்க" என்றார், துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் சமாளிக்கும் குரலில்.

வேண்டாம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது.

அவரிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று பிரமாதம். இங்கிலாந்தில் செய்தது, அட்டைப்பெட்டி, தெர்மாக்கோல், கையேடு, கேபிள் கட்டிய கம்பி வரைக்கும் அப்படியே இருந்தது. பீரோவில் மனைவியின் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் போனபோது இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்து, மூடியைத் திறந்து, பார்த்தாயிற்றா என்று கேட்டு மூடினார்.

"ஆன் பண்ணுங்களேன்" என்றேன்.

"கரண்டு சரியில்லீங்க இன்னிக்கு."

அடுத்த முறை போனபோது ராகு காலம். அதற்கடுத்த முறை காற்றில் ஈரம். கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்களுக்கு மூன்றாவது ஆள் அருள்புரத்தில் டி.வி., ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிறவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பனியன் வேலைக்கு வந்து, தையலில் கால் வலி கண்டு, பழைய தொழிலுக்கே திரும்பியவர். அவர் எதையும் சேர்க்கவில்லை. எங்கள் பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பதோடு சரி. எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கூலி வாங்காமல் வருகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கண்காட்சி வைக்க வேண்டும் என்ற யோசனை லேப்காரருடையது. "நாமளே பாத்துட்டு நாமளே வெச்சுக்கறதுல என்னங்க இருக்குது? நாலு பேருக்குத் தெரியோணுமுங்க" என்றார். பீரோவை விட்டு வெளியே வராத கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியம்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டோம். டிஸ்கவுண்ட் சேலா என்று கேட்டார்கள். விற்கப் போவதில்லை என்றதும் அவர்களுக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவருக்குச் சோதனை வந்தது. அவர் பின்னலாடை மெஷின் விற்கும் டீலர். ஊருக்கு வெளியே நடக்கும் மெஷின் கண்காட்சியில் ஸ்டால் எடுத்து, பேனர் அடித்து, எல்லாம் தயாராக இருந்தார். காட்டுவதற்குக் காலர் பின்னும் மெஷின்தான் வரவில்லை. கப்பலில் வந்தது துறைமுகத்தில் ஏதோ காகிதம் சரியில்லை என்று நின்றுவிட்டது.

"ஸ்டாலைக் காலியா உட்டா மானம் போயிருமுங்க. உங்கூட்டுல எதோ பழைய மெஷினெல்லாம் இருக்குதாமா. கொண்டாந்து வெச்சுருங்க. வர்றவங்களுக்கு என்ற நோட்டீசை மட்டும் குடுத்துட்டா போதும்" என்றார்.

நாங்கள் குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோதுதான் பேனரைக் கவனித்தோம். ஸ்டாலின் பின்சுவர் முழுக்க, சிவப்பும் மஞ்சளுமாக ஓர் ஆள் உயர எழுத்துகளில் 'உலகிலேயே வேகமான காலர் மெஷின்' என்றிருந்தது. ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். கழற்ற டீலர் சம்மதிக்கவில்லை. அதன் கீழே மேசை போட்டு, ஒரு நொடிக்கு ஓர் எழுத்து யோசித்து எழுதும் எங்கள் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்தோம். லேப்காரர் தன்னுடையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'தொடாதீர்கள்' என்று மூன்று பக்கமும் ஒட்டினார்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொருவரும் பேனரைப் பார்ப்பார்கள், மேசையைப் பார்ப்பார்கள், மறுபடி பேனரைப் பார்ப்பார்கள்.

"மணிக்கு எத்தன பீஸுங்க வரும்?"

"இது பீஸ் போடாதுங்க. இது அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்" என்று நான் தொடங்குவேன்.

"சரிங்க. எத்தன ஊசி?"

"ஊசி இல்லீங்க."

"ஊசியே இல்லாமயா?" அவர் கூட வந்தவரை உலுக்குவார். "ஏப்பா, ஊசியில்லாம பின்னுதாமா!"

இப்படி மத்தியானத்துக்குள் ஊசியில்லாத மெஷின் வந்திருக்கிறது என்ற செய்தி அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. லேப்காரர் மட்டும் அசரவில்லை. யார் வந்தாலும் நிறுத்தி, கம்ப்யூட்டர் பிறந்த வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார். கேட்டவர்கள் நோட்டீசை வாங்கி விசிறிக்கொண்டே பொறுமையாக நின்றார்கள். கொங்கு மண்ணின் மரியாதை அது. பாதியில் போனால் அவர் மனது நோகும் என்று, முழுவதும் கேட்டு, "நல்லதுங்க, டெலிவரி எத்தன நாளுங்க?" என்று முடிவில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஒரு விளையாட்டை ஏற்றிக் காட்டலாம் என்று கேசட்டைப் போட்டேன். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும்போது கீ என்றும் க்ர்ர் என்றும் காது கிழிகிற சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டு ஏதோ அலாரம் அடிக்கிறது என்று செக்யூரிட்டி ஓடிவந்தார். வட இந்தியாவிலிருந்து வந்த பையன், "க்யா ஹுவாங்க? ஃபயராங்க?" என்று இரண்டு பாஷையையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டார். இல்லை, கேம் என்று விளக்கி முடிப்பதற்குள் சத்தம் நின்றது. நின்று, அதே வால்யூமில் நாதஸ்வரம் ஒலித்தது. தொடர்ந்து ஒருவர் உருக்கமாக முருகனை அழைக்கத் தொடங்கினார்.

முதலாளி வீட்டுக் கேசட் அது. பிள்ளை விளையாடியது போதும் என்று யாரோ அதன் மேலேயே பக்திப் பாட்டைப் பதிவு செய்திருந்தார்கள்போல. வீட்டில் நான் அவ்வளவு தூரம் ஓட விட்டதில்லை. அணைக்கப் போன என் கையை லேப்காரர் தடுத்தார். "பாட்டை நடுவுல நிறுத்தாதீங்க, தப்பு" என்றார். அவர் குடும்பமே முருகன் என்றால் உருகும் நெசவாளர் குடும்பம். எதிரில் நின்ற பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். டி.வி. திரையில் கம்ப்யூட்டர் முருகனைப் புரோகிராமாக ஏற்றப் பார்த்துத் தோற்று, 'பிழை, பிழை' என்று எழுதிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிற வரை நாங்கள் அனைவரும் அதன் முன்னால் கைகட்டி நின்றோம்.

அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போது எனக்கு அழுகை வரும் போலிருந்தது. "யாருக்கும் ஒண்ணும் புரியல. நாங்க ஏதோ கோமாளி மாதிரி நின்னுட்டு வர்றோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கினார். "காலர் பாக்க வந்தவங்களுக்கு நீ காலரைக் காட்டு புள்ள. நீ போடாத காலரா?" என்றார்.

அவர் ஏதோ பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலையில் ஸ்டாலில் உட்கார்ந்து, கோடு போட்ட என் வெள்ளைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் தட்டினேன். சட்டைக் காலரின் வடிவத்தைத் திரையில் வரையச் சொல்லும் புரோகிராம். நேர்கோடுகளை அது சுமாராகப் போட்டுவிடும். கழுத்து வளைவு வரும் இடத்தில்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து வைக்கும். ஒரு புள்ளி வைக்கும். யோசிக்கும். இன்னொரு புள்ளி வைக்கும். நாற்பது வயது ஆன கம்ப்யூட்டர், பாவம்.

முதலில் ஒருவர் நின்றார். "என்னுங்க பண்ணுது?"

"காலர் போடுதுங்க."

அவர் நகரவில்லை. பின்னால் இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். காலரின் கூர்முனை ஒரு பக்கம் முடிந்தபோது பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். வேகமாக ஓடுகிற மெஷின்களை இவர்கள் நாள் முழுக்கப் பார்த்துச் சலித்திருந்தார்கள். அரங்கம் முழுக்க எல்லாமே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இது ஒன்றுதான் அடுத்து என்ன செய்யப் போகிறது என்று காத்திருக்க வைத்தது.

"இதுக்குள்ள என்ற கட்டிங் மாஸ்டர் நாலு டீ குடிச்சிருப்பான்" என்றார் ஒருவர். ஆனால் அவரும் போகவில்லை.

"வளைவு வந்து அந்தக் கோட்டுல முட்டுமுங்களா?"

"முட்டாதுங்க. கீழ போகுது பாருங்க."

"முட்டுமுங்க. மேடம் போட்டது தப்பாப் போகாது."

எனக்கே தெரியாது முட்டுமா என்று. கணக்கில் ஓரிடத்தில் சந்தேகம் இருந்தது. லேப்காரர்கூட வரலாற்றை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி. அப்போது பக்கத்து ஸ்டாலில் ஸ்டீம் அயர்ன் டேபிளை டெமோவுக்காகப் போட்டார்கள். விளக்குகள் ஒரு நொடி மங்கின. என் கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி உயிர் பெற்று, ஒன்றுமே நடக்காதது போல 'ரெடி' என்றது.

"அடடடா!" என்று கூட்டமே கத்தியது.

புரோகிராம் அழிந்துவிட்டது. மறுபடி முழுவதையும் தட்ட வேண்டும். யாரும் போகவில்லை. "தட்டுங்க மேடம், நாங்க இருக்கறோம்" என்றார்கள். இரண்டு பேர் பக்கத்து ஸ்டாலுக்குப் போய், சித்த நேரம் அயர்ன் டேபிளைப் போட வேண்டாம் என்று பஞ்சாயத்துப் பேசினார்கள். எங்கள் அருள்புரத்துக்காரர் அதற்குள், "பொறுங்கக்கா, கடையில ஒரு யூ.பி.எஸ். சும்மா கெடக்கு. எடுத்துட்டு வந்துருதேன். இவனுவள நம்பி ஓட்ட முடியாது" என்று வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

யூ.பி.எஸ். வந்து, இரண்டாம் முறை வரையத் தொடங்கியபோது அயர்ன் டேபிள்காரர்களும் டேபிளை விட்டுவிட்டு எங்கள் ஸ்டாலில் நின்றார்கள். வாடிக்கையாளர் யாரும் அங்கே இல்லையே, என்ன செய்வார்கள்? வளைவு மெல்ல மெல்ல இறங்கிவந்து கடைசிப் புள்ளியை வைத்தது. முட்டியது. சும்மா சொல்லக் கூடாது, கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். ஆயிரக்கணக்கில் பேட்டர்ன் போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் யாரும் கைதட்டியதில்லை. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நோட்டீஸ் கட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தபோது லேப்காரர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாதுங்க" என்றார்.

"சொல்லுங்க."

"அதை நான் ஒருக்காக்கூட ஆன் பண்ணுனதில்லீங்க."

நான் சிரிக்கவில்லை.

"ஆன் பண்ணி வேலை செய்யலைன்னு வெச்சுக்கங்க. அப்பறம் அது வெறும் பொட்டிதானுங்களே. ஆன் பண்ணாத வரைக்கும் அது நல்லாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுக் காலி டீ கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பெருமை பேசுகிறார் என்றே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பயந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. "என்ற கம்ப்யூட்டர் கோடு விழுந்து, ஒருக்கா செத்துப் பொழச்சு, இன்னிக்கு விசில் வாங்குச்சுங்க" என்றேன். கோடு என்றதும் அவர் கொஞ்சம் நெளிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் லீவு. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அருள்புரத்துக்காரர் சர்ச் முடித்து, அதே வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தார். லேப்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, "பாத்துருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் போலிருந்தது.

அருள்புரத்துக்காரர் பின்பக்கம் கழற்றிப் பார்த்து, ஊதி, மீட்டர் வைத்து, ஏதோ ஒரு சின்ன உருப்படியை மாற்றினார். "சார், சுவிட்ச நீங்களே போடுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னய சொல்லுவீக" என்றார். லேப்காரர் முருகா என்று போட்டார்.

திரை இருண்டே இருந்தது. அவர் முகமும் இருண்டது. அருள்புரத்துக்காரர் நிதானமாக டி.வி.யின் சேனலைத் திருப்பினார். எழுத்துகள் பளிச்சென்று வந்தன.

லேப்காரர் கையுறையைக் கழற்றினார். அன்றுதான் அவர் விரல்களை முதன்முதலாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். நகக்கண்ணில் நீலச்சாயம் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே கட்டளை, திரையில் எதையாவது எழுதச் சொல்லும் 'பிரிண்ட்'. தன் பேரை எழுதச் சொல்லித் தட்டினார். கம்ப்யூட்டர் பிழை என்றது. மறுபடி தட்டினார். மறுபடி பிழை. குனிந்து பார்த்தால், முதல் எழுத்தான 'பி' விசை மட்டும் வேலை செய்யவில்லை. இத்தனை நேரமும் அவர் அதை 'ரிண்ட், ரிண்ட்' என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பொறந்ததுலருந்து பீரோவுலயே வளந்துச்சுங்களா, திக்குவாய் ஆயிருச்சு" என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போட்டாலும் போதும், இந்த வகைக் கம்ப்யூட்டர்கள் புரிந்துகொள்ளும். சொன்னேன். கேள்விக்குறி போட்டுத் தட்டினார். அவர் பேர் திரையில் வந்தது. அதைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். திரை முழுக்க அவர் பேர் ஏறிக்கொண்டே போனது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொல்லி மனைவிக்கு அனுப்பினார். பிறகு 'தொடாதீர்கள்' சீட்டுகளை அவரே கிழித்தார். அன்று மாலை வரை, வரிசையில் வந்தவர்களின் பேரையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் எழுதிக் காட்டியது. பேரில் 'பி' உள்ளவர்களுக்கு மட்டும் அவர் மன்னிப்புக் கேட்டார். இங்கிலீஷில் எழுதுவதால் பழனிச்சாமிகளும் பொன்னுச்சாமிகளும் அலனிச்சாமி, ஒன்னுச்சாமியாகத் திரும்பிப் போனார்கள். இந்த ஊரில் அந்தப் பேர்கள் கொஞ்சமா?

டீலர் வந்து கூட்டத்தைப் பார்த்து அசந்துவிட்டார். நோட்டீஸ் தீர்ந்துபோய், காலர் மெஷின் பற்றி விசாரித்து ஃபோன்மேல் ஃபோன் வந்துகொண்டிருந்ததாம். "அடுத்த வருசம் மெஷின் வந்தாலும் நீங்க வரோணுமுங்க. ஆனா ஒண்ணு, ஊசியில்லாத மெஷின்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய மெஷின்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று எங்கள் பேர் ஊரில் பரவிவிட்டது. ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. கண்காட்சியில் காலர் முட்டுமா என்று பார்த்தவர்களில் ஒருவர் அனுப்பியிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு ஃபாக்ஸ் மெஷின், ஓர் எலக்ட்ரானிக் டைப்ரைட்டர், மூடியில்லாத ஒரு ஜெராக்ஸ். "நீங்க நல்லாப் பாத்துக்குவீங்கன்னு சொன்னாருங்க" என்று சொல்லி டிரைவர் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு மரியாதையாகக் கொடுத்தால் எப்படிச் சொல்வது?

அடுத்தடுத்து வரத் தொடங்கின. எதிர்வீட்டு அம்மா தன் கல் கிரைண்டரை ஆட்களை வைத்துத் தூக்கிவந்து போர்டிகோவில் வைத்துவிட்டு, "ரொம்ப வருசம் ஒழச்சதுங்க, எடைக்குப் போட மனசு வரலை" என்று கண் கலங்கினார். லேப்காரர் வந்து அதன் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இதுவும் மஞ்சளாயிருக்குதுங்களே" என்றார். கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்வதற்குள், என் வீட்டுக்காரர் ஒரு முனையையும் அருள்புரத்துக்காரர் மறு முனையையும் பிடித்து, கிரைண்டரை லேப்காரரின் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.